பதினேழு தப்பும் ஒரு ஆட்டுக்குட்டியும்

ஒரு ஊர்ல ஒரு செவப்புப் பேனா இருந்துச்சாம். ராசா இல்ல, ராணி இல்ல, வெறும் பேனாதான். ம் கொட்டு, கொட்டுனாத்தான் சொல்லுவேன்.

அந்தப் பேனா மூணாங்கிளாஸ் ஞானசௌந்தரி டீச்சர் கையில இருந்துச்சு. டீச்சர் கெட்டவங்க இல்ல. பசிச்ச புள்ளைக்குத் தன் சோத்து டப்பாவை நீட்டுற மனுஷி. ஆனா கட்டுரை நோட்டைத் தொறந்தா வேற ஆளு. பத்து மார்க்கு, ஒரு தப்புக்கு ஒரு மார்க்கு போச்சு. சர்ரக், சர்ரக்னு சுழிச்சுக்கிட்டே போவாங்க.

அந்தக் கிளாஸ்ல இசக்கியம்மானு ஒரு வாயாடி. 'எங்கள் வீடு'னு எழுதச் சொன்னதுக்கு மூணு பக்கம் எழுதுனா. ஓட்டுல பல்லி சண்டை போட்டதுலருந்து அப்பா கொறட்டை வரைக்கும், ஒண்ணு விடல. சர்ரக், சர்ரக், சர்ரக்! பத்துக்கு சைபர். பக்கத்துல பேச்சிமுத்து, 'இது எங்கள் வீடு. நன்றி.' அவ்வளவுதான். பத்துக்குப் பத்து!

"எப்படில வாங்குன?"ன்னா இசக்கி.

"எழுதுனாத்தானட்டி தப்பு வரும், கோட்டிக்காரி!"

அப்புறம் என்ன? அடுத்த வாரம் அவளும் ஒரு வரி. அதுக்கடுத்த வாரம் கிளாஸே ஒரு வரி. எங்கிளாஸ்ல தப்பே கெடையாதுனு டீச்சருக்கு ஒரே பெருமை. தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்போ பாத்து இசக்கியோட ஆட்டுக்குட்டி காணாமப் போச்சு. பவுனுனு பேரு. ஆத்தா செத்த குட்டி. இவதான் பாலாடையில பால் ஊட்டி வளத்தா. சனிக்கிழமை சந்தை வந்துட்டா எவனாவது வித்துப்புடுவான். நடுவுல நாலே நாளு.

"எழுதி பஸ் ஸ்டாண்டுல ஒட்டுவோம் தாயி"ன்னாரு அப்பா. அவருக்கு எழுத்து தெரியாது.

'ஆடு காணவில்லை'னு எழுதி, சோத்துப் பருக்கை தேச்சு ஒட்டுனா. ஒரு தப்பு இல்ல. விடிஞ்சா, தொப்பு தொப்புனு ஒரு தாடிக்காரக் கெடாவை இழுத்துட்டு வந்தாங்க. அது அப்பா தோள்த்துண்டுல பாதியைத் தின்னுட்டுப் போச்சு.

அப்புறம் 'வெள்ளை ஆடு காணவில்லை'னு எழுதுனா. மே, மே, மேனு ஏழு வந்துச்சு. அதுல ஒண்ணு செம்மறி!

"இன்னும் கொஞ்சம் எழுதேன் தாயி."

"நெறைய எழுதுனா தப்பாயிரும்ப்பா."

"தப்பா எழுதுனா ஆடு கோவிச்சுக்குமா?"

இசக்கி யோசிச்சா. கிடுகிடுனு ஒரு தாள் பூரா எழுதுனா. 'பவுனுக்கு எடது காது நாய் கடிச்சுப் பாதிதான். இட்லி திங்கும், சட்னி தொடாது. பீடிப் புகை பட்டா மூணு தும்மல் போடும்.' அந்தத் தாளை ஒட்டிட்டுத் திரும்புனா, பின்னாடி டீச்சர்! கையில செவப்புப் பேனா!

இசக்கி அப்பா வேட்டிக்குப் பின்னால போயிட்டா. டீச்சர் எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டு... பதினேழு. சுழிக்கக் கை போகுது. அப்போ கண்டக்டர் எட்டிப் பாத்து சத்தமா வாசிச்சாரு. "மூணு தும்மலா! ஏ டீச்சர், அடுத்த ஊரு டீக்கடையில ஒரு குட்டி இப்படித்தான் தும்மிக்கிட்டுக் கெடக்கு!"

டீச்சர் பேனாவை மூடி, தாளைப் பிச்சுக்கிட்டு, "ஏறுட்டி பஸ்ல"ன்னாங்க. பீய்ங், பீய்ங், அப்பாவையும் ஏத்திக்கிட்டு பஸ் போச்சு.

டீக்கடை பக்கத்துல ஒரு மீசைக்கார வியாபாரி, சந்தைக்கு இருபது குட்டி கட்டி வச்சிருக்கான். "எல்லாம் எங்குட்டிதான். போங்க, போங்க!"

டீச்சர் தாளை விரிச்சாங்க. "எடது காது பாதி."

பாத்தா, ஓரமா நிக்கிற குட்டிக்குப் பாதிக் காது.

"காது கடிபட்ட ஆடு ஊருக்குப் பத்து இருக்கு"ன்னான் மீசை.

"இட்லி திங்கும், சட்னி தொடாது." கடைக்காரர் தட்டை வச்சாரு. லபக், லபக், இட்லி காலி. சட்னி அப்படியே கெடக்கு. கூட்டம் கூடிருச்சு.

"என் சட்னியை நானே தொடமாட்டேன்"ன்னாரு கடைக்காரர்.

"பீடிப் புகைக்கு மூணு தும்மல்." அப்பா பீடியைப் பத்த வச்சு, ஃபூ! ஹச்சு! ஹச்சு! ரெண்டுதான் வந்துச்சு. இசக்கி குட்டி மூக்கையே பாத்துக்கிட்டு நின்னா. மீசை சிரிக்கிறான். குட்டி மூக்கைச் சுழிச்சுது. இன்னும் சுழிச்சுது. ஹ... ஹ... ஹச்சூ!

ஊரே கை தட்டுச்சு. "கூட்டத்துல எப்பவோ கலந்துருச்சு போல"னு மீசை கயித்தை அவுத்துட்டான். பவுனு இசக்கி கழுத்தை நக்கோ நக்குனு நக்குச்சு.

திரும்பி வர்றப்போ இசக்கி மெதுவாக் கேட்டா. "டீச்சர், எத்தனை தப்பு?"

"பதினேழு."

"அப்போ சைபரா?"

டீச்சர் தாளை மடியில விரிச்சாங்க. பேனாவை எடுத்தாங்க. இசக்கி கண்ணை மூடிக்கிட்டா. தொறந்து பாத்தா, ஒரு சுழியும் இல்ல. தாளோட கடைசியில, 'சட்னி ஏன் தொடாது?'னு எழுதியிருக்கு.

"இதுக்குப் பதில் எழுது. நீளமா எழுது. தப்புல ரெண்டை மட்டும் நாளைக்குத் திருத்திக்கிடலாம். மிச்சம் பதினஞ்சும் எங்க ஓடிரப் போகுது?"

அப்புறம் எல்லா நோட்டுலயும் சுழிக்குப் பதிலா ஒரு கேள்வி வந்துச்சு. கேள்வி வந்தா சும்மா இருக்க முடியுமா? நாப்பது புள்ளைகளும் குனிஞ்சு எழுதுதுங்க. டிங் டிங்னு சாப்பாட்டு மணி அடிச்சுது. ஒரு புள்ளை எந்திரிக்கலையே! சத்துணவு ஆயா கரண்டியோட வந்து தட்டுன பெறகுதான் நிமிந்துச்சுங்க.

பவுனு படுத்தாச்சு, இசக்கி படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீதான் பாக்கி, கண்ணை மூடு.