கரடி ஒத்துக்கொண்ட நாள்

மலையடிக் காட்டில் மூக்கம்மாள் என்றொரு கரடி, தன் குட்டி சுண்டுவை முதுகில் சுமந்துகொண்டு கறையான் புற்று தேடித் திரிவாள். நல்ல உழைப்பாளி. ஆனால் பாறைக் குழியில் ஊறிப் புளித்த இலுப்பைப் பூவைக் கண்டால் மட்டும் அவளால் தாண்டிப் போக முடியாது. தின்றால் தலை கிறுகிறுக்கும். அதற்காகவே தின்பாள்.

ஒருநாள் அந்த மயக்கத்தில் ஓடையைத் தாண்டும்போது தடுமாறினாள். சுண்டு பாறையில் விழுந்தான். அவன் முன்கால் ஒடிந்தது.

"இனி அந்தப் பூவை மோந்துகூடப் பார்க்க மாட்டேன்!" என்று அழுதாள் மூக்கம்மாள்.

நான்காம் நாள், "ஒரே ஒரு பூ!" என்று குழியில் வாய் வைத்தாள். குழி காலியான பிறகுதான் தலை நிமிர்ந்தாள். மறுபடி சத்தியம். மறுபடி பூ. கடைசியில் அவள் தங்கை வந்து சுண்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"உன்னிடம் இருந்தால் அவன் பிழைக்க மாட்டான், அக்கா!"

குழியோரம் சுருண்டு கிடந்தவளைப் பார்க்கப் புனுகன் என்ற மரநாய் வந்தான். பனைமரத்துக் கள்ளுப் பானைகளைக் காலி செய்வதில் ஒரு காலத்தில் பேர்போனவன்.

"பங்குக்கு வந்தாயா?" என்று உறுமினாள்.

"இல்லை. நான் குடித்து இரண்டு வருஷமாகிறது."

"பொய்! அவ்வளவு மனவுறுதியா உனக்கு?"

"உறுதியா? எனக்கா?" புனுகன் சிரித்துவிட்டான். "என்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அதுதான் முதல் படி. விடிந்ததும் ஆற்றங்கரை மருதமரத்தடிக்கு வா. என்னைப் போல நாலு பேர் இருக்கிறோம்."

போனாள். சாராய ஊறலைத் தேடித் தேடிக் குடித்துக் காட்டையே மிதித்த யானை வேதகிரியும் அங்கே இருந்தது. எல்லோரும் உதயசூரியனைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்கள்.

"எனக்குச் சாமியெல்லாம் தெரியாதே!" என்றாள்.

"எனக்கும் சரியாகத் தெரியாது" என்றது யானை. "இந்த ஆற்றை ஓடவிடுவது நான் இல்லை என்று தெரியும். இப்போதைக்கு அது போதும்."

மூக்கம்மாள் வாய் திறக்க ஒன்பது நாளாயிற்று. "என் பிள்ளையை நான்தான் விழவைத்தேன்" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

பிறகு ஒருநாள் சுண்டுவைத் தேடிப் போனாள். "தப்பு என்னுடையது, கண்ணு. அன்று ஓடையில் என் கால் வழுக்கியது என்று உன்னிடம் பொய் சொன்னேன்."

"மறுபடி தின்பாயா, அம்மா?"

"தெரியாது. இன்று தின்னவில்லை."

சுண்டு யோசித்தான். சித்தியை விட்டு வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அம்மாவோடு புற்றுவரை நொண்டி நொண்டி நடந்துவந்தான்.

அடுத்த கோடையில் காடெங்கும் இலுப்பை மணந்தது. ஒரு நடுப்பகலில் மூக்கம்மாளின் கால்கள் தாமாகவே குழிப்பக்கம் திரும்பின. உடம்பு நடுங்கியது. திரும்பி மருதமரத்தடிக்கு ஓடினாள். அங்கே யாருமில்லை. "என்னை நீயே பிடித்துக்கொள், என்னால் ஆகாது!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி தள்ளாடி வந்தது. வாயெல்லாம் பூ.

"யாரிடம் பேசுகிறாய்?"

"உட்கார், தம்பி" என்றாள் மூக்கம்மாள். "எனக்கும் இதே நோய்தான். சொல்கிறேன், கேள்."

சொல்லி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பன்றி அழுதுகொண்டிருந்தது. அவளுடைய நடுக்கம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

தன்னால் முடியாது என்று ஒத்துக்கொண்டு, தன்னைவிடப் பெரியதை நம்பி, தன்னைப் போன்றவரோடு கைகோத்து நடப்பவரே போதையிலிருந்து ஒவ்வொரு நாளாக மீள்கிறார்.