திவானுக்கு மாத்திரை

ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவி உலகம்மை. ஆனால் அங்கே நடந்தது திவானின் ஆட்சி.

திவான் ஒரு பூனை. சாம்பல் நிறம், பெரிய தலை, ஏதோ பழைய சண்டையில் கிழிந்த காது. அரிசி மூட்டை கொண்டுவந்த வண்டியிலிருந்து ஒரு நாள் தானாக இறங்கி, நேராக உள்ளே போய், பூஜை அறை வாசலில் படுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இதை யார் வளர்க்கிறீர்கள் என்று எவராவது கேட்டால் உலகம்மை சிரிப்பார்.

"நாங்க எங்க வளக்கோம்? அதுதான் எங்களை வச்சுப் பாத்துக்கிடுது."

பொதிகை மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு நல்லபெருமாள் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஓய்வு பெற்ற தாசில்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். பதவியில் இருந்த காலத்தில் நல்லபெருமாள் புருவத்தை உயர்த்தினால் கோப்பு நகரும். ஞானமும் அப்படித்தான் நகரும் என்று நினைத்திருந்தார்.

ஒரு காலை அவர் கேட்டார்.

"அம்மா, பற்று இல்லாம வாழுதது எப்படி?"

உலகம்மை முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே திவான் தண்ணீர்த் தொட்டியில் தலையைக் கவிழ்த்து நெடுநேரமாகக் குடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் வைத்த பால்சோறு தொடப்படாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, அவனைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க."

"எதுக்கும்மா?"

"எப்படி வாழுததுன்னு கேட்டீங்கள்லா?"

அம்பாசமுத்திரத்தில் கால்நடை மருத்துவர் மெர்சி பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சும்மா. குணமாக்க முடியாது. ஆனா வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கிடலாம். தினமும் தோலுக்கடியில சலைன் ஏத்தணும். ஒரு மாத்திரை. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா. இருக்க வரைக்கும் சௌகரியமா இருக்கும். இதெல்லாம் யார் செய்வா?"

உலகம்மை கையை நீட்டினார். நல்லபெருமாள் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

மருத்துவர் பூனையின் பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகிக் காட்டினார். நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க சார். நாளைக்கு நீங்கதான் போடணும்."

மறுநாள் சலைன் பாட்டிலை எங்கே தொங்கவிடுவது என்று பெரிய குழப்பம். கடைசியில் பூஜை மணி தொங்கும் கொக்கியில் மாட்டினார். மணியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். ஊசி குத்தும்போது பூனை அசையவில்லை. இவர்தான் "ஆ" என்றார்.

மாத்திரைதான் மல்லுக்கு நின்றது. மருத்துவர் சொன்னபடி திவானைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் இருத்தினார்.

"வாயைத் திற."

தாலுகா முழுக்க அஞ்சிய குரல் அது. திவான் வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டது.

மிரட்டினார். கெஞ்சினார். தேவாரம் பாடினார். தாடையைப் பிடித்துத் திறந்தபோது விரலில் பல் பதிந்தது. மாத்திரை ஒருமுறை அவர் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, ஒருமுறை நெற்றித் திருநீற்றில்.

ஒரு நாள் ஒருவழியாக மாத்திரை உள்ளே போயிற்று. திவான் நல்ல பிள்ளையாகத் தொண்டையை அசைத்து விழுங்கிக் காட்டியது. நல்லபெருமாள் துள்ளிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"அம்மா, ஜெயிச்சுட்டேன்! எல்லாம் மனோபலம்தான். உறுதியா நின்னா எந்த உயிரும்…"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திவான் மெல்ல நடந்து வந்தது. இருவருக்கும் நடுவில் நின்றது. குருவின் காலடியில் மாத்திரையைத் துப்பியது. வந்த வழியே போயிற்று.

உலகம்மை குனிந்து பார்த்தார்.

"காணிக்கை வந்திருக்கு அண்ணாச்சி."

நல்லபெருமாள் மருத்துவருக்குப் போன் செய்தார். மீனுக்குள் ஒளித்துக் கொடுங்கள் என்றார் மருத்துவர்.

"அம்மா, இது சைவ மடம்."

"மடம் சைவம்தான். திவான் சைவம்னு யார் சொன்னா?"

"நான் பரம்பரையாச் சைவம்மா. மீனைக் கையால தொட்டது கிடையாது."

"நீங்க திங்காண்டாம். அவன் தின்னா போதும்."

மொபெட்டில் மீன் விற்கும் சவரிமுத்து ஹாரன் அடித்துக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் வருவது வழக்கம். நல்லபெருமாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்வேலிப் பக்கம் போய் நின்றார். முக்காடு போட்டதால் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"ஒரே ஒரு மீன் வேணும்."

"ஒண்ணா? ஒத்த மீனை வச்சு என்ன கொழம்பு வைப்பீங்க சாமி?"

"கொழம்புக்கு இல்லப்பா. மாத்திரை முழுங்க."

சவரிமுத்து மரியாதையாகத் தலையாட்டினார். உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: மடத்துத் தாசில்தார் சாமி மாத்திரைக்குத் தண்ணீர் குடிப்பதில்லையாம், மீன்தான் கடித்துக்கொள்கிறாராம்.

மடத்துக்கு அரிசி கொடுத்துவந்தவர் ஆலை முதலாளி ஆவுடையப்பன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சாயங்காலமே வந்துவிட்டார். நல்லபெருமாள் அப்போதுதான் வேகவைத்த மீனை முள்ளெடுத்துப் பிசைந்து, மாத்திரையை நடுவில் வைத்து உருட்டியிருந்தார். கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன சார், மடத்துல மீன் வாடை அடிக்கு?"

"அது… பூனைக்கு."

"ஊர்ல எந்தத் திருட்டு நடந்தாலும் பூனைதானய்யா மாட்டுது!"

"சத்தியமாப் பூனைக்குத்தான். அதுக்குக் கிட்னி…"

"கிட்னி உமக்கா, பூனைக்கா?"

உலகம்மை ஒரு ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. தான் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன! நல்லபெருமாள் ஊழியம் பார்த்த காலம் முழுக்கக் கறைபடாமல் காப்பாற்றிய பெயர் ஒற்றை மீனில் மூழ்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் சொரசொரவென்று ஏதோ விரலைத் தடவியது. திவான் பின்னங்காலில் எழுந்து நின்று மீன் உருண்டையை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு கடித்தது. பிறகு விழுங்கியது. நல்லபெருமாள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மாத்திரை இல்லை. தரையைப் பார்த்தார். இல்லை. பூனையின் வாயைப் பிளந்து பார்த்தார். அங்கும் இல்லை.

"போயிருச்சு! அம்மா, மாத்திரை உள்ள போயிருச்சு!"

சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஆவுடையப்பன். வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு கைகளின் அச்சும் மீனோடு விழுந்தது.

ஆவுடையப்பன் பூனையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த அரிசி மூட்டையோடு பூனைக்கென்று ஒரு பழைய கம்பளி வந்தது.

அதன்பிறகு நாட்கள் ஓரளவு ஒழுங்காகப் போயின. திவான் சாப்பிட்டது. ரோமத்தில் பளபளப்பு வந்தது. ஒரு ஓணானைத் துரத்திவிட்டு, பாதியில் களைத்து, துரத்தாததுபோல் உட்கார்ந்துகொண்டது. நல்லபெருமாள் பேச்சில் "அது" எப்போது "அவன்" ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் மடத்தில் மற்றவர்களால் வாழ முடியவில்லை. அலமாரிக்குப் போன மணி திரும்பி வரவில்லை. "அவன் இப்பத்தான் கண்ணசந்தான், மணியெல்லாம் அடிக்காண்டாம்" என்றார் நல்லபெருமாள். பஜனை பாட வந்தவர்களை மெதுவாகப் பாடச் சொல்லி, பிறகு மனசுக்குள் பாடச் சொன்னார். பௌர்ணமிக்கு அவரைப் பேசச் சொன்னார்கள். ஆன்மாவில் தொடங்கியவர் எப்படியோ பூனை மூத்திரத்தின் நிறத்துக்கு வந்து, முக்கால் மணி நேரம் அதிலேயே நின்றுவிட்டார். கேட்டவர்களில் ஒருவர் மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது.

ஆடிக்காற்று ஓயும் சமயம் திவான் மறுபடி சாப்பாட்டை நிறுத்தியது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழிச்சாறு வந்தது. திருப்பிக்கொண்டது. மருத்துவர் மெர்சி தாமே மடத்துக்கு வந்து பார்த்தார்.

"சார், இனிமே ஊசி, மாத்திரை வேண்டாம். வலி இல்லாம இருக்க இந்தச் சொட்டு மருந்து மட்டும் கொடுங்க. பிரியப்பட்டுச் சாப்பிட்டாச் சாப்பிடட்டும்."

நல்லபெருமாளுக்கு அது காதில் ஏறவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சியை எடுத்துக்கொண்டார். பூனையைத் துண்டில் சுற்றினார். தாடையைப் பிடித்தார். கஞ்சி ஒருபுறம் வழிந்தது. திவான் கடிக்கவில்லை. கடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நாள் முழுக்க அதையே செய்தார். தான் சாப்பிடவில்லை.

மாலையில் குருவிடம் வந்தார். வேட்டியெல்லாம் கஞ்சி.

"அம்மா, சாப்பிட மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கு வேண்டாம்."

உலகம்மை எழுந்து அடுக்களைக்குள் போனார். ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து கொண்டுவந்தார். நல்லபெருமாளின் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் கையோடு சேர்த்து உடம்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார்.

"என்னம்மா பண்ணுதீங்க?"

"அசையாதீங்க."

"எனக்குப் பசிக்கலம்மா."

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி."

தாடையை இறுகப் பிடித்தார். நல்லபெருமாள் வாயை மூடிக்கொண்டார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சோறு மூக்கில் ஏறியது. மீசையில் வழிந்தது. ஒரு வாய் உள்ளே போனது. தொண்டையில் நிற்காமல் வெளியே வந்தது.

"வாயைத் திறங்க."

"அம்மா, விடுங்க! விடுங்கன்னு சொல்லுதேன்லா!"

உலகம்மை விட்டுவிட்டார். முடிச்சை அவிழ்த்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனார்.

நல்லபெருமாள் மீசையில் தயிரோடு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். திவானின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். துண்டை உதறிக் கொடியில் போட்டார். கிண்ணத்தில் இருந்ததைத் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் ஒன்றும் ஊட்டவில்லை. சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார். ஒரு சிறு தட்டில் மீன்சாற்றை வைத்துவிட்டுத் தள்ளிப் போனார். திவான் சில வேளை நக்கியது, பல வேளை நக்கவில்லை. பூஜை மணி கொக்கிக்குத் திரும்பியது. மணி அடித்தபோது கிழிந்த காது லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. அதுதான் திவானின் கடைசிக் காலை என்று அப்போது யாருக்கும் தெரியாது. இரவு பெய்த மழையில் முற்றம் ஈரமாக இருந்தது. துவைக்கும் கல் மட்டும் வெயிலில் காய்ந்திருந்தது. திவான் தானாகவே நடந்து, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறி, அந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்தது. ஏற முடியவில்லை. நல்லபெருமாள் தூக்கி விட்டார். கால்களை நீட்டிப் படுத்தது.

அவர் பக்கத்தில் குத்தவைத்து, மேலே குனிந்து, மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளி கொண்டுவரலாமா என்று நினைத்தார். மருத்துவரைக் கூப்பிடலாமா என்று நினைத்தார். தேவாரம் சொல்லலாமா என்றுகூட நினைத்தார். கை எதற்கும் எழவில்லை.

உலகம்மை தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தார்.

"அம்மா," என்றார் நல்லபெருமாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு முடிச்சுட்டேன். இப்ப இவனுக்கு நான் என்னம்மா செய்யணும்?"

உலகம்மை குடத்தை இறக்கி வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. உங்க நிழல் அவன் மேல விழுது."