கதவுக்கு இந்தப் பக்கம்

"நம்பலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

வந்ததும் வராததுமாக வைரவன் இப்படித்தான் கேட்டார். ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் இரண்டு தாள்கள்.

புதுச்சேரியில் நாடகம் சொல்லித்தரும் வெரோனிக்காவுக்கு அவரைவிட வயது குறைவு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் அவளிடம் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. அவர் எழுதிய முதல் நாடகம் அதைப் பற்றித்தான்.

"எதை நம்பணும் சார்?"

"இந்த ஏ.ஐ.யைத்தான். இதைக் கூட வெச்சுக்கிட்டுதான் எழுதினேன். கடைசிக் காட்சியில மகன் வந்து கதவைத் தட்டறான். அப்பா ஓடிப்போய்த் திறக்கறார். நான் எழுதினது அப்படி. அது, திறக்க வேண்டாங்குது."

"எது நல்லா இருக்கு?"

"அதை அதுகிட்டயே கேட்டேன். திறக்காததுதான் நல்லதுன்னுச்சு. மனசு ஒப்பலையேன்னேன். உடனே, நீங்க சொல்றதும் சரி, திறக்கட்டும்னுச்சு. நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற ஒண்ணை எப்படி நம்புறது? தூக்கிப் போடவும் மனசு வரல. அது எழுதினதைப் படிச்சா உடம்பு சிலிர்க்குது. நாளைக்கு ஒத்திகை. எனக்கு இருப்புக்கொள்ளல."

ஒரு தாளில் அவர் எழுதிய முடிவு, இன்னொன்றில் ஏ.ஐ. எழுதியது. வெரோனிக்கா இரண்டையும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைரவன் விழித்தார். "டீச்சர்?"

கதவைத் தட்டும் சத்தம்.

"அப்பா."

அவள் குரல்தான். ஆனாலும் வைரவன் எழுந்துவிட்டார். தான் எழுதியபடியே ஓடினார். கைப்பிடியைத் தொட்டதும் கை நின்றுவிட்டது.

மறுபடியும் தட்டினாள்.

ஏ.ஐ. எழுதிய தாளில் அப்பா திரும்பி உள்ளே நடந்துவிடுவார். வைரவனும் திரும்பினார். கால் நகரவில்லை. அப்படியே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாள்கள் கையிலிருந்து நழுவின.

கதவுக்கு அந்தப் பக்கம், ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஏன்டா இப்படி மூச்சு வாங்குது? மாடியெல்லாம் ஓடியா ஏறி வந்தே?"

தலையைத் திருப்பிக் கதவில் காதை வைத்தார்.

"இருடா. அப்பாவால எழுந்திருக்க முடியல. போயிடாதே."



பிறகு வெரோனிக்கா தன் சொந்தக் குரலில் கேட்டாள்: "சார், இது ரெண்டு தாள்லயுமே இல்லையே. யார் எழுதினது?"

வைரவன் கீழே கிடந்த தாள்களைப் பார்த்தார். தான் எழுதியபடி கதவைத் திறந்திருந்தால் அந்த மூச்சு காதில் விழுந்தே இருக்காது. ஏ.ஐ. எழுதியபடி நடந்து போயிருந்தாலும் விழுந்திருக்காது.

சட்டைப்பையில் பேனாவைத் துழாவினார்.

"உள்ளே வந்துடாதீங்க டீச்சர்" என்றார். "இன்னொரு தடவை தட்டுங்க."