மூன்று வாசல் கடந்த பணியாரம்

முன்னொரு காலத்தில், எந்தத் திசையில் என்று கேட்டால் எனக்கும் தெரியாத ஒரு நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். ஆற்றுக்கு அணை கட்டினான், சாலைக்கு மரம் வைத்தான், வழக்கென்று வந்தவனை உட்காரவைத்துக் கேட்டான். ஆனால் நாற்பது வயது நெருங்கியதும் அவனுக்கு ஒரு புது வியாதி வந்தது. எதிலும் சந்தோஷம் இல்லை.

புது யானை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசன் கொட்டாவி விட்டான். எழுபது பேர் ஆடினார்கள். அதற்கும் கொட்டாவிதான். வடநாட்டிலிருந்து ஒரு வைரம் வந்தது. அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சிறுவயதில் நான் வைத்திருந்த கோலிக்குண்டு இதைவிட நன்றாக உருளும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்தச் சபையில் ஒண்டிப்புலி என்று ஒரு விகடகவி இருந்தான். பெயரில்தான் புலி, ஆளைப் பார்த்தால் முருங்கைக்காய். அன்றைக்கு அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அரசே, தங்கள் குடிமக்களுக்கு ஒரு நாளில் ஐந்தாறு முறை சந்தோஷம் வருகிறது. வெயிலில் நடந்து வந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் ஒன்று. முதுகில் கை எட்டாத இடத்தை மனைவி சொறிந்துவிட்டால் ஒன்று. தொலைந்த சாவி மடியிலேயே இருந்துவிட்டால் ஒன்று. யானை வரைக்கும் அவர்கள் போவதே இல்லை" என்றான்.

சபையில் சிலர் சிரித்துவிட்டார்கள். அரசனின் முகம் சிவந்தது. ஊரில் உள்ளவனெல்லாம் வைத்திருக்கும் ஒன்று தன்னிடம் இல்லை என்றால் எந்த அரசனுக்குத்தான் பொறுக்கும்?

"அப்படியானால் அவற்றில் ஒன்றை எனக்குக் கொடு. பொன் கூடாது, மணி கூடாது, ஆட்டம்பாட்டம் கூடாது. சாதாரண மனிதன் அனுபவிப்பதை அதே ருசியோடு நானும் அனுபவிக்க வேண்டும். மூன்று நாள் தவணை."

அப்போது அகோரமூர்த்தி எழுந்து நின்றார். அரண்மனையின் உணவுக் காப்பு அதிகாரி அவர். அரசன் வாயில் படும் எதையும் முதலில் தின்று பார்ப்பது அவர் வேலை. இருபது ஆண்டுகளாகத் தின்று பார்த்ததில் உடம்பு நன்றாகவே காக்கப்பட்டிருந்தது. இந்த வியாதி வருமுன் ஒண்டிப்புலி பேசினால் அரசன் சிரிப்பான், தான் பேசினால் தலையாட்டுவதோடு சரி என்பது அவர் நெஞ்சில் வெகுநாள் முள்.

"தவறினால் தண்டனை என்னவென்று அரசர் அருளவில்லையே" என்றார் பணிவாக.

"நாடு கடத்தல்" என்றான் அரசன், கோபத்தின் சூட்டில். சொல்லிவிட்டான்; அரச வாக்கு, இனி திரும்ப வாங்க முடியாது.

ஒண்டிப்புலி தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி தாயம்மாள் எட்டு மாத வயிற்றோடு அடுப்படியில் உட்கார்ந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"எல்லைக்கு நாலு நாள் நடை, தாயம்மா. இந்த வயித்தோட உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டீங்கதான்" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது; ஆனாலும் கை நிற்கவில்லை. கல்லிலிருந்து எடுத்த தோசையை அவன் தட்டில் போட்டாள். "முதல்ல இதைத் தின்னுங்க. நாடு கடத்துறது மூணு நாள் கழிச்சு. தோசை இப்பவே ஆறிடும்."

பிய்த்து வாயில் போட்டான். சுட்டது. வாயைத் திறந்து ஊ ஊ என்று ஊதிக்கொண்டு மென்றான். ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நாடு கடத்தல், எல்லை, நாலு நாள் நடை எல்லாம் அந்த ஒரு வாய்க்கு எங்கோ போய்விட்டன. பாதி மென்றவன் அப்படியே நிறுத்தி, "கிடைச்சிருச்சு" என்றான்.

மறுநாள் மாலை கோயில் தெருவில் சிலம்பாயியின் கடைக்கு ஓடினான். சிலம்பாயியின் குழிப்பணியாரத்துக்கு ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். எட்டுப் பணியாரம் வாங்கி, பித்தளைத் தூக்கில் போட்டு மூடி, அரண்மனைக்கு ஓட்டமாய் ஓடினான்.

ஆனால் அரண்மனையில் ஒரு சட்டம் இருந்தது. அரசனின் கொள்ளுத்தாத்தா காலத்தில் யாரோ பாயசத்தில் ஏதோ கலந்துவிட்டார்களாம். அன்றைக்கே செப்புப் பட்டயத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்: அரச குடும்பத்தாரிடம் கொண்டுவரப்படும் உணவு மூன்று வாசல்களில் மூன்று பேரால் உண்டு பார்க்கப்பட்டு, உண்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாழிகை காத்திருந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

முதல் வாசல் அகோரமூர்த்தியுடையது. அவர் தூக்கைத் திறந்தார். ஆவி வந்தது. ஒரு பணியாரத்தை எடுத்தார், விரல் சுட்டு, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார், ஊதினார், கடித்தார். அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. ஒண்டிப்புலி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயம் இருக்கிறது" என்று அகோரமூர்த்தி இன்னொன்றும் தின்றார். ஐயம் மூன்றாவதில்தான் தீர்ந்தது.

மூன்று வாசல், மூன்று நாழிகை கடந்து மிச்சம் மூன்று பணியாரம் அரசன் முன்னால் வந்தது. அரசன் ஒன்றைக் கடித்தான். வெகுநேரம் மென்றான்.

"எண்ணெயில் நனைத்த பஞ்சு. இதற்கா என் குடிமக்கள் சந்தோஷப்படுகிறார்கள்? பாவம் அவர்கள்" என்றான்.

"நாளையோடு தவணை முடிகிறது அரசே" என்று நினைவூட்டினார் அகோரமூர்த்தி.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒண்டிப்புலி வெறுங்கையோடு சபைக்கு வந்து விழுந்து வணங்கினான்.

"அரசே, ஒரு களவு வழக்கு. நேற்றுத் தங்களுக்காக நான் எடுத்துவந்த சந்தோஷம் வழியில் களவு போய்விட்டது. தூக்கில் வைக்கும்போது என் கண்ணால் பார்த்தேன். தங்கள் கைக்கு வரும்போது அது இல்லை. தங்கள் நீதியில், வழக்கை விசாரிக்கும் அரசர் பொருள் இருந்த இடத்தை நேரில் பார்ப்பது வழக்கம் அல்லவா?"

வழக்கென்று வந்துவிட்டால் விசயகண்டன் மறுக்கமாட்டான். எழுந்து நடந்தான். பின்னால் சபை முழுக்க நடந்தது. அகோரமூர்த்தி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

சிலம்பாயி அரசனைப் பார்த்து எழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கல்லில் பணியாரம் கருகிவிடுமே. குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் புரட்டினாள். முதல் பணியாரத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. நான் தின்னு பாக்காம யாருக்கும் குடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, நான்கை ஒரு தொன்னையில் போட்டு நீட்டினாள். "பாத்து எடுங்க, சுடும்."

"தொடாதீர்கள் அரசே" என்று அகோரமூர்த்தி குறுக்கே வந்தார். "பட்டயத்தில் எழுதியிருக்கிறது. மூன்று வாசல், மூன்று நாழிகை."

"பட்டயத்தை நானும் படித்தேன் ஐயா" என்றான் ஒண்டிப்புலி. "அரசரிடம் கொண்டுவரப்படும் உணவுக்குத்தான் அந்தச் சட்டம். இங்கே உணவு எங்கும் போகவில்லை, பிறந்த கல்லிலேயே இருக்கிறது. அரசரைத்தான் உணவிடம் கொண்டுவந்திருக்கிறேன். தாங்கள் உண்டு பார்க்க வேண்டுமென்றால் அரசரைத்தான் உண்டு பார்க்க வேண்டும்."

தெருவில் எவனோ களுக்கென்று சிரித்தான். அரசன் கையை நீட்டி ஒரு பணியாரத்தை எடுத்தான். விரல் சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். வாயில் போட்டான்.

போட்டதும் வாயைத் திறந்தான். ஹா, ஹா என்று மூச்சு விட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காவலர்கள் வாளை உருவினார்கள்.

"அரச நாவைச் சுட்டுவிட்டான். இது ராஜத்துரோகம்" என்று அகோரமூர்த்தி கத்தினார்.

அரசன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான். மென்றான். விழுங்கினான். இரண்டாவதை எடுத்தான். இந்த முறை ஊதினான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வாய் தானாகக் குவிந்துகொண்டது. வெல்லமும் ஏலமும் உள்ளே இளகி ஓடின. மேல்தோல் மொறுக்கென்றது.

"பிறந்ததிலிருந்து சோறு என்றால் ஆறியது என்றே நினைத்திருந்தேன். நேற்று நான் தின்றதும் இதுதானா?" என்றான்.

"இதேதான் அரசே. சூடுதான் களவு போயிற்று. யார் எடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது ஆண்டில் தாங்கள் ஒருமுறைகூட உணவை ஊதித் தின்றதில்லை. இங்கே வேறொருவர் இருபது ஆண்டாகத் தினம் மூன்று வேளை ஊதுகிறார்."

எல்லோரும் அகோரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கள் உயிரைக் காக்கத்தான் அரசே..." என்றார் அவர்.

"காத்தீர். மறுக்கவில்லை" என்றான் அரசன். "இனி நான் அடுப்பருகிலேயே உண்பேன். சமைத்தவர் முதலில் உண்டு காட்டட்டும், அது போதும். உம் பங்கு மூன்று வாசல் கடந்து, மூன்று நாழிகை காத்து, உம் வீட்டுக்கு வரும்."

அகோரமூர்த்தியின் முகம் போன போக்கைப் பார்த்து அரசன் சிரிக்க ஆரம்பித்தான். வெகுகாலம் பூட்டிக் கிடந்த கதவு திறப்பதுபோல் முதலில் ஒரு கிறீச்சு, பிறகு தாராளமாக வந்தது. சிலம்பாயிக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். "விறகு ஈரமா வருது சாமி, காஞ்ச விறகு கிடைச்சாப் போதும்" என்றாள். வாழ்நாள் முழுதுக்கும் அரண்மனை விறகு அவளுக்கு என்று கட்டளை பிறந்தது.

பிறகு தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "ஒண்டிப்புலி, வா, வாங்கிக்கொள்" என்று நீட்டினான்.

ஒண்டிப்புலி வரவில்லை. நாடு கடத்தல் போன நிம்மதியில் பசி வந்துவிட்டது. அவன் ஒரு கையில் தொன்னையும் மறு கையில் பணியாரமுமாக நின்றிருந்தான். வாயில் வேறு ஒன்று. தாயம்மாளுக்கென்று சுடச்சுட இன்னொரு தொன்னையும் கட்டச் சொல்லியிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்கள் அரசே" என்றான், ஊதிக்கொண்டே. "முத்துமாலை ஆறாது."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மாவுப் பானையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவன் குனியவில்லை. தன் தொன்னையில் இன்னும் இரண்டு சூடாக இருந்தன.