எட்டு என்று சொன்ன சிப்

குருவுக்கு வயது முப்பத்தைந்து, சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. ஏன், இருக்கக்கூடாதா? இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த மரகதவல்லிக்கு, படிக்கும் ஆசை அப்போதுதான் வந்தது. கோயம்புத்தூரில் நஸ்ரின் நடத்திய ஆய்வகத்தில் வந்து சேர்ந்தாள்.

அங்கே அவள் கையாலேயே ஒரு சிப் செய்தாள். நகத்தளவுதான். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும்.

ஒருநாள் காலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாளா காய்ச்சலுங்க. பயந்தே போயிட்டேன். ரத்தம் எடுத்து நம்ம சிப்புல விட்டேன். எட்டுதான்! பத்துக்குக் கீழன்னா பயமில்லீங்களே. கஷாயம் போதும்."

"அவரு என்ன சொல்றாரு, அக்கா?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. சுருண்டு படுத்திருக்காரு."

"எப்பவும் அப்படித்தானா?"

"அவரா? கால்ல முள்ளு குத்தினாலே தெருவைக் கூட்டிருவாரு!"

அவள் குழாயில் கொண்டுவந்திருந்த மிச்ச ரத்தத்தை நஸ்ரின் கேட்டு வாங்கினாள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு உப்புக்கரைசல் கலந்தாள்.

மரகதவல்லிக்குச் சுருக்கென்றது. நான் செய்த சிப்பை இந்தப் பெண் நம்பவில்லையே!

"தண்ணி கலந்தா ஒண்ணுகூடக் காட்டாதுங்களே, மேடம்."

நஸ்ரின் புதுச் சிப்பில் ஒரு சொட்டு விட்டாள். முப்பத்தெட்டு.

"அட, இதென்னங்க கூத்து! தண்ணி விட்டா ஏறுது?" பயத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது அவளுக்கு.

"சிப்புல கீழ ஒரு பிடி, மேல ஒரு பிடி. ரத்தத்துல இருக்குற அழற்சித் துகள்ல, ரெண்டும் ஒரே துகளைப் பிடிச்சாத்தான் எண் ஏறும். துகள் அளவுக்கு மீறி வந்துட்டா, கீழ்ப்பிடி ஒண்ணைப் பிடிக்கும், மேல்பிடி வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதோட போயிரும்."

மரகதவல்லி மனசுக்குள் பத்தால் பெருக்கினாள்.

"முந்நூத்தி எண்பதா? ஐயோ! இத்தனையை வச்சுக்கிட்டு இந்தச் சிப்பு ஏனுங்க எட்டுன்னு சொல்லுச்சு?"

நஸ்ரின் கார் சாவியை எடுத்தாள்.

"முள்ளுக்கே தெருவைக் கூட்டுறவரு, மூணு நாளா ஏன்க்கா வாயைத் திறக்கல? வாங்க, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."