தகர அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

இருட்டிய பிறகு பட்டறையிலிருந்து கர்... கர்... என்று ஒரு சத்தம். எதுவோ தகரத்தைப் பல்லால் கொறிப்பதுபோல.

யோகம்மா டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் செய்து முடித்த தகர அறைக்குள் மெற்றில்டா ரீச்சர் குந்தியிருந்து, கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ ரீச்சர்! விடிஞ்சால் கண்காட்சி. என்ர வேலையை ஏன் ஓட்டையாக்கிறியள்?"

"பின்னேரம் நீங்கள் கேட்டதுக்குப் பதில் செய்யிறன், அக்கா. வெளிச்சத்தை இங்கால பிடியுங்கோ."

ரீச்சருக்கு முப்பது வயது. அவரிடம் சித்திரம் படிக்க வந்த யோகம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கைவிடப்பட்ட சோதனைச் சாவடியில், போர்க்காலத்தில் பெண்களை நிறுத்திச் சோதித்த அறை அது. இருவருமாகத்தான் கழற்றி வந்தார்கள். அங்கே மண்ணுக்குள் கிடந்த சீப்பு, பொத்தான், உடைந்த காப்பு, சாப்பாட்டுப் பெட்டி மூடி எல்லாவற்றையும் யோகம்மா உட்சுவரில் பூங்கொடியாகப் படரவிட்டிருந்தாள்.

ஆனால் அவள் ஒருநாளும் உள்ளே கால் வைக்கவில்லை. சுவர்களைத் தரையில் கிடத்தி வைத்தே செய்தாள். நிமிர்த்திய பிறகு, கூட்டுகிற தும்புத்தடியில் தூரிகையைக் கட்டி, வாசலில் நின்றபடி வர்ணம் தீட்டினாள்.

"தடியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் வீட்டில இருந்தே தீட்டலாம்" என்று ரீச்சர் பகிடி விட்டதும் உண்டு.

அன்று பின்னேரம் யோகம்மா கேட்டது இதுதான்: "சனம் உள்ளுக்குப் போய்ப் பார்க்கட்டும் ரீச்சர். செய்தவள் வெளியில நிண்டால் வேலை குறைஞ்சிடுமோ?"



இப்போது ரீச்சர் கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு எழுந்தார். கதவின் உட்புறம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று மினுங்கியது.

யோகம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது பொய். அங்க தாழ்ப்பாள் இருக்கேல்ல. ஆர் எப்ப கதவைத் தள்ளுவினமோ எண்டு சட்டையைப் பொத்திக்கொண்டு நிண்டனாங்கள். எனக்குத் தெரியாதோ? இருந்ததை இருந்தபடிதான் காட்ட வேணும்!"

ரீச்சர் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"அந்தப் பூங்கொடி அங்க இருந்ததோ, அக்கா?"

யோகம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு டோர்ச்சை ரீச்சரின் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.



பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.