காவல் குரங்கும் அரைப் பீடியும்

மூங்கில் காட்டுக் குளக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில் கொண்டையன் என்ற குரங்கு காவல் இருந்தான். கீழே மருதாயி என்ற மானும் அவள் கூட்டமும் மேய்ந்தன. சிறுத்தையின் தலை தெரிந்தால் கொண்டையன் "கக்! கக்!" என்று கத்துவான். உடனே மான்கள் ஓடிவிடும். அவன் தண்ணீர் குடிக்க இறங்கினால் மான்கள் அவனுக்குக் காவல். நல்ல ஏற்பாடுதான்.

மூங்கில் வெட்ட வந்த ஆட்கள் பாதி குடித்து அணைக்காமல் எறிந்த பீடி ஒன்றை ஒருநாள் கொண்டையன் எடுத்து இழுத்துப் பார்த்தான். சும்மா ஒரு தடவைதான். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. கூடவே இருமலும் வந்தது. அந்த இருமல் அசல் காவல் குரல் மாதிரியே இருந்தது. "கக்! கக்!"

மான்கள் வாயில் புல்லோடு ஓடின. அரைக் காடு ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தன.

"அண்ணே! வந்தது சிறுத்தையா, பீடியா?" என்று கேட்டாள் மருதாயி.

"பீடிதான் தங்கச்சி! கோவிச்சுக்காதே. நாளைக்கே விட்டுடறேன்!"

"நேத்தும் இதைத்தானே சொன்னே?"

"அது நேத்து சொன்ன நாளை! இது இன்னிக்குச் சொல்ற நாளை!" என்றான் கொண்டையன், வெட்கமே இல்லாமல்.

ஒரு வாரம் வீணாக ஓடி மான்களுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். அதன் பிறகு அவன் எவ்வளவு இருமினாலும் யாரும் தலை நிமிரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு விந்தை நடந்தது. தினமும் வெயில் ஏறும் வேளையில், மரத்தடியில் கனலும் பீடி ஒன்று கிடக்க ஆரம்பித்தது! "எந்தப் புண்ணியவானோ! நல்லா இருக்கட்டும்!" என்று வாழ்த்திவிட்டு கொண்டையன் இழுத்தான். யார் போட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. ஓசியில் கிடைப்பதைத் துருவிக் கேட்பானேன்?

ஒருநாள் மத்தியானம், மருதாயியின் குட்டிக்குப் பின்னால் கோரைப்புல் அசைந்தது. கொண்டையன் எட்டிப் பார்த்தான். சிறுத்தை!

"கக்! கக்! கக்!"

குட்டி மேய்ந்துகொண்டே இருந்தது. மருதாயி திரும்பக்கூட இல்லை. "இது எத்தனாவது பீடி அண்ணே?" என்றாள்.

'சிறுத்தை' என்று சொல்ல வாயெடுத்தான். "சி... சி..." என்பதற்குள் இருமல் தொண்டையை அடைத்தது. சிறுத்தை பதுங்கியது. பாயப் போனது. அப்போது அதன் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"லொக்!"

மான்கள் சட்டென்று திரும்பின. கண்ணில் நீர் வழிய, "லொக்! லொக்!" என்று சிறுத்தை இருமிக்கொண்டு நின்றது. மான்கள் கால் பிடரியில் பட ஓடின. குட்டியும் தப்பியது.

"பாழாப்போன பீடி!" என்று சிறுத்தை மண்ணைப் பிறாண்டியது. "இந்தக் குரங்கை இரும வைக்க நான்தானே தினமும் கொண்டுவந்து போட்டேன்! வழியில அணையாம இருக்க நாலு இழுப்பு இழுத்தேன். அது என் நெஞ்சையே பிடிச்சுக்கிச்சே!"

கொண்டையன் கையிலிருந்த பீடி நழுவி விழுந்தது.

சாயங்காலம் மருதாயி வந்தாள். திட்டவில்லை. "என் குட்டியைக் காப்பாத்தினது உன் காவல் இல்லை அண்ணே, அந்தச் சிறுத்தையோட இருமல்" என்றாள்.

கொண்டையனுக்கு அழுகை முட்டியது. அன்றைக்கு அவன் 'நாளை' என்று சொல்லவில்லை. மிச்சம் வைத்திருந்த பீடியையெல்லாம் குளத்தில் வீசினான். அப்புறம் பத்து நாள் அவன் பட்ட பாடு! புளியங்கொழுந்தை மென்றான். கிளையைப் பிடித்து உலுக்கினான். தன் வாலைத் தானே கடித்தான். பீடியை மட்டும் தொடவில்லை. இருமல் மெல்ல அடங்கியது.

பதினோராம் நாள் புதருக்குள்ளிருந்து சிறுத்தை தலையை நீட்டியது. எலும்பும் தோலுமாக இருந்தது.

"மாப்ளே! மூங்கில் வெட்டுற ஆளுங்க காட்டை விட்டுப் போயிட்டாங்க. உன்கிட்ட ஒரு அரைப் பீடி இருக்குமா?" என்று இளித்தது.

"கக்! கக்!" என்றான் கொண்டையன், கணீரென்று.

சிறுத்தை திரும்பிப் பார்ப்பதற்குள் குளக்கரையில் ஒரு மான்கூட இல்லை.

கெட்ட பழக்கத்தை இன்றே விட வேண்டும். நாளை விடுகிறேன் என்பவனுக்கு ஒத்தாசை செய்ய முதலில் ஓடி வருபவன் எதிரிதான்.